இல்லத்தில் இசையரங்கு: தம்புராவும் இரைச்சலா?

கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ ஒரு மென்பொருளை ஏற்றிவிட்டால், வீட்டுக் கூடத்தில் ஒலிக்கும் பாட்டு சபா மண்டபத்தின் முதல் வரிசையில் அமர்ந்து கேட்டது போலவே ஆகிவிடும் என்கிறார்களே, இது மெய்தானா என்று நேயர் ஒருவர் வினவி எழுதியிருக்கிறார். ஊரை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வாழும் குடும்பங்களுக்கு இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று. மார்கழி பிறந்தால் மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து நடந்தே போய் நாளுக்கு மூன்று கச்சேரி கேட்டு வந்த முதியவர்கள், இன்று மகனுடனோ மகளுடனோ வடநாட்டுக் குளிரில் கம்பளிக்குள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய பேரக் குழந்தைகளோ, கச்சேரி என்றால் உள்ளங்கை அகலக் கண்ணாடித் தகட்டிலிருந்து வருவது என்றே எண்ணி வளர்கிறார்கள். முதியவர் காதில் இருக்கும் கச்சேரியைக் குழந்தையின் காதில் சேர்க்க நம்மிடம் இருப்பவை ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியும் சில மென்பொருள்களுமே. ஆகவே சற்று விரித்தே எழுதுகிறோம்.

சுருங்கச் சொன்னால், அந்தப் பேச்சு பாதி மெய். அப்பாதியும், மண்டபம் என்பது ஒலிக்கு என்ன செய்கிறது என்று ஓரளவு அறிந்து கையாள்பவர்க்கே கிட்டும்.

பாடகரிடமிருந்து புறப்படும் ஒலி நம் செவிக்கு ஒரே வழியில் வருவதில்லை. நேரே வருவது ஒன்று. பக்கச் சுவரிலும் கூரையிலும் பின்சுவரிலும் பட்டுத் திரும்பி வருவன எண்ணிறந்தவை. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்வதால், பதினேழு மீட்டர் கூடுதலாகச் சுற்றி வரும் ஒலி, நேரே வந்ததைவிட விநாடியில் இருபதில் ஒரு பங்கு பிந்தி வரும். இவ்வாறு பிந்தி வருவனவற்றைச் செவி தனித்தனியே பிரித்துக் கேட்பதில்லை. இவற்றைக் கொண்டே இடம் பெரிது, சுவர் தூரத்தில் இருக்கிறது, நாம் பாடகருக்கு அருகில் இருக்கிறோம் என்றெல்லாம் மனம் கணித்துக்கொள்கிறது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் கோயில் பிராகாரத்தில் நிற்கிறோமா, கூரை வீட்டில் நிற்கிறோமா என்று நமக்குத் தெரிவது இதனால்தான்.

இதற்கு முதன்முதலில் கணக்குக் கண்டவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பௌதிக ஆசிரியராயிருந்த வாலஸ் சபின் என்பவர். 1895-இல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு சொற்பொழிவு மண்டபத்தில் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை. ஒரு சொல் அடங்குமுன் பல சொற்கள் அதன்மேல் ஏறிக்கொண்டன. சரிசெய்யும் வேலை இளைஞரான சபின் தலையில் விழுந்தது. அவர் பக்கத்து நாடக மண்டபத்திலிருந்து இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகச் சுமந்து வரச் செய்து, ஓர் ஆர்கன் குழலை ஊதவிட்டு நிறுத்தி, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அளந்தார். மெத்தையில்லா மண்டபத்தில் ஐந்து விநாடிக்கு மேல் ஆயிற்று. மெத்தைகள் கூடக் கூட நேரம் குறைந்தது. மண்டபத்தின் கன அளவு கூடினால் எதிரொலி நீளும், ஒலியை உறிஞ்சும் பொருள் கூடினால் குறுகும் என்ற எளிய விதியை அவர் அடைந்தார். 1900-இல் திறக்கப்பெற்ற பாஸ்டன் ஸிம்பொனி மண்டபம் அவ்விதியைக் கொண்டு திட்டமிட்டுக் கட்டியதேயாகும்.

இன்றைய மென்பொருள் செய்வது இதன் மறுதலை. ஒரு மண்டபத்தில் பலூனை வெடித்தோ, தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை ஏறும் ஒரு சீழ்க்கையை ஒலிக்கச் செய்தோ, அம்மண்டபம் அதற்குத் தரும் மறுமொழியைப் பதிவு செய்துகொள்கிறார்கள். அந்த மறுமொழி மண்டபத்தின் கைரேகை போன்றது. நாம் கேட்கும் பாட்டின் ஒவ்வொரு நுண்துளிக்கும் அம்மறுமொழியைப் பெருக்கிக் கூட்டினால், பாட்டு அம்மண்டபத்திலேயே பாடப்பட்டது போல் வெளிவரும். கன்வலூஷன் என்று இதற்குப் பெயர். முன்னே பெரும் யந்திரம் வேண்டியிருந்த இக்கணக்கை இப்போது சாதாரணக் கணிப்பொறியே செய்துவிடுகிறது. கணக்கு பொய்யன்று. நம் பாட்டுக்கு எந்த மண்டபத்தை எடுத்துப் போடுகிறோம் என்பதில்தான் கோளாறு.

மென்பொருள்களில் 'கான்ஸர்ட் ஹால்' என்று எழுதியிருக்கும் இடத்தைத் தொட்டால் வருவது பெரும்பாலும் மேனாட்டு வாத்தியக் கோஷ்டிக்கு உகந்த மண்டபம். எண்பது பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஒலி ஏறக்குறைய இரண்டு விநாடி நின்று கரைந்தால்தான் அவர்களுடைய இசைக்கு நிறைவு. நம் கச்சேரியின் இயல்பு வேறு. மிருதங்கத்தில் விரைவான மோராவில் ஒரு விநாடிக்குள் பத்துச் சொற்கள் விழுகின்றன. இரண்டு விநாடி எதிரொலியில் இருபது சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, தகரக் கூரைமேல் மழை பெய்த கதையாகிவிடும். பாடகரின் கமகமும் அப்படியே. பிருகாவின் நுண்மணிகள் உருகி ஒரே கட்டியாகிவிடுகின்றன. 'சர்ச்' என்றும் 'கதீட்ரல்' என்றும் இருப்பவற்றின் பக்கம் போகவே வேண்டா. நாகஸ்வரத்தைக் கேட்டு ஒருவர் அதற்கும் மண்டபம் சேர்த்துக்கொண்டிருந்ததைக் கண்டோம். வீதியுலாவுக்கும் கருங்கல் மண்டபத்துக்கும் பிறந்த வாத்தியத்தைத் துணி தைத்த நாற்காலிகள் நிறைந்த அரங்கிற்குள் அடைப்பானேன்?

இன்னொன்றும் உண்டு. சபாவில் எடுத்த ஒலிப்பதிவில் அந்தச் சபா மண்டபம் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதன்மேல் இன்னொரு மண்டபத்தைப் போர்த்தினால் மண்டபத்துக்குள் மண்டபமாகும். வானொலி நிலையத்தின் அடக்கமான அறையில் எடுத்த பதிவுக்கு மட்டும் ஒரு சிறு அறையின் எதிரொலி, ஒரு விநாடிக்கும் குறைவாக, உப்புப் போடும் அளவில் சேர்க்கலாம். அதற்கு மேல் எங்கள் செவி ஒப்பவில்லை.

நிற்க. 'நேரில் கேட்ட ஒலி' என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் உச்சச் சுருதியில் பாடி நாடகக் கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டச் செய்தனர் என்று பெரியோர் சொல்வர். மைக் வந்த பிறகு சுருதி இறங்கிற்று, உரத்த சாரீரம் இல்லாதவர்க்கும் மேடை கிடைத்தது, நுட்பமும் கூடிற்று. ஆனால் இன்று சபாவில் நாம் கேட்பது பெரும்பாலும் பாடகரின் தொண்டையையன்று, இரு பக்கமும் நிற்கும் ஒலிபெருக்கிப் பெட்டிகளையே. சில சபாக்களில் மிருதங்கத்தின் மைக்கை முறுக்கிவிட்டு வயலினை அமுக்கிவிடும் கொடுமை சென்னைக்குப் போய்வந்த எவருக்கும் தெரியும். ஆகவே வீட்டில் நாம் தேடவேண்டியது சபாவின் உரப்பை அன்று. வித்வானுக்கு எதிரே பத்தடி தூரத்தில் ஜமுக்காளத்தில் அமர்ந்து கேட்டால் எப்படியிருக்கும் என்பதே நமக்கு அளவுகோலாக இருக்கட்டும். அதற்குப் பெரிய மண்டபம் வேண்டியதில்லை.

இனி மென்பொருள்களுக்கு வருவோம். கணிப்பொறியில் எந்தப் பாட்டு ஓடினாலும் அதை மெருகேற்றித் தரும் வகையைச் சேர்ந்தது எஃப்எக்ஸ்சவுண்ட். முன்னே டிஎஃப்எக்ஸ் என்ற பெயரில் விலைக்கு விற்றது. இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. அதில் கிளாரிட்டி, ஆம்பியன்ஸ், சரவுண்ட் சவுண்ட், டைனமிக் பூஸ்ட், பாஸ் பூஸ்ட் என ஐந்து தள்ளுகோல்கள் உண்டு. கிளாரிட்டி மேல்ஸ்தாயி ஒலிகளைத் துலக்கும். மங்கிய பழம்பதிவுக்குச் சிறிது உதவும். மிஞ்சினால் 'ச', 'ஸ' எழுத்துகள் ஊசியாய்க் குத்தும். ஆம்பியன்ஸ் என்பது மேலே சொன்ன எதிரொலிதான். டைனமிக் பூஸ்ட் என்பதே நம் சங்கீதத்துக்குப் பகை. அது மெல்லிய ஒலியை உயர்த்தி வல்லொலியோடு சமமாக்குகிறது. மந்தர ஸ்தாயியில் முணுமுணுப்பாகத் தொடங்கும் ஆலாபனையும் தனி ஆவர்த்தனத்தின் தீர்மானமும் ஒரே உயரத்தில் நின்றால், கச்சேரியில் ஏற்றம் ஏது, இறக்கம் ஏது? பேருந்தில் போகும்போது வேண்டுமானால் அது பயன்படட்டும்.

பாஸ் பூஸ்டைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகவும் சொல்லவேண்டும். 1933-இல் ஃப்ளெச்சர், மன்சன் என்ற இருவர் அமெரிக்காவில் மனிதச் செவியைச் சோதித்து ஓர் உண்மை கண்டனர். ஒலியளவைக் குறைத்தால் எல்லா ஸ்வரங்களும் ஒன்றுபோல் குறைவதில்லை. தாழ்ந்த ஒலிகளே முதலில் செவியை விட்டு மறைகின்றன. அண்டை வீட்டாரை எழுப்பாமல் இரவில் மெல்ல வைத்துக் கேட்கும் நம்மைப் போன்றோர்க்கு மிருதங்கத்தின் தொப்பி காணாமற்போவது இதனால்தான். வித்வானின் குற்றமுமில்லை, பதிவின் குற்றமுமில்லை. அப்போது தாழ்ந்த ஒலியைச் சற்று உயர்த்துவது பொய்யாகாது, நியாயமேயாகும். பகலில் உரக்க வைக்கும்போது மறவாமல் இறக்கிவிடவேண்டும்.

இவையெல்லாம் கேட்கும்போது மாத்திரம் செய்யும் அலங்காரங்கள். பிடிக்கவில்லையென்றால் அணைத்துவிடலாம், மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. மூலத்திலேயே கைவைக்கும் மென்பொருள்கள் வேறு உண்டு. இரைச்சல் நீக்கிகள் அவை. இந்தக் கட்டுரையை எழுத முனைந்ததே அவற்றின் பொருட்டுத்தான்.

இரைச்சல் நீக்கி எவ்வாறு வேலை செய்கிறது? இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பாட்டில்லாத ஓரிடத்தை நாம் அதற்குக் காட்டவேண்டும். 'இங்கே கேட்பதெல்லாம் இரைச்சல்' என்று அது பாடம் படித்துக்கொள்ளும். பிறகு பதிவு முழுவதிலும் அந்தச் சாயலுடைய ஒலியைத் தேடித் தேடிக் குறைக்கும். பேச்சுக்கும் மேனாட்டு இசைக்கும் இது பொருந்தும். அங்கே பாட்டு நின்றால் எஞ்சுவது நாடாவின் 'உஸ்' என்ற ஒலியே.

நம் கச்சேரியில் பாட்டு நின்றால் எஞ்சுவது என்ன? தம்புரா!

பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் தம்புரா ஒலிக்கிறது. வயலின் தொடங்குமுன் தம்புரா ஒலிக்கிறது. மாறாமல், நிற்காமல், ஒரே சாயலில் ஒலிப்பதே அதன் தர்மம். மென்பொருளுக்கோ, மாறாமல் நிற்காமல் ஒரே சாயலில் ஒலிப்பதுதான் இரைச்சலுக்கு இலக்கணம். ஆகவே பாட்டில்லாத இடம் என்று நம்பி நாம் காட்டும் இடத்திலிருந்து அது தம்புராவையே குற்றவாளியாகப் பிடித்துச் செல்கிறது.

தம்புராவைப் பிடுங்கினால் அது மட்டும் போவதில்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, கணக்குத் துறை உத்தியோகத்துக்காக 1907-இல் கல்கத்தா சென்ற ஒரு தமிழர் (நம்மைப்போல் பிழைப்புக்கு வெளியூர் போனவர்தாம்), ஓய்வு நேரத்தில் ஒலியை ஆராய்ந்தார். பின்னர் அங்கேயே பேராசிரியரும் ஆனார். சர் சி. வி. ராமன் அவரே. மற்ற தோல் வாத்தியங்களிலிருந்து மாறுபட்டு, மிருதங்கமும் தபலாவும் ஸ்வரத்தோடு இசையும் உபஸ்வரங்களைத் தருகின்றன என்று 1920-இலும், தம்புராவின் அகன்ற குதிரையும் ஜீவாளி நூலும் சேர்ந்து, மீட்டும் இடத்தைப் பொறுத்து எழவே கூடாத உபஸ்வரங்களையும் எழுப்புகின்றன என்று அடுத்த ஆண்டிலும் எழுதினார். அதாவது தம்புராவின் நான்கு தந்திகளிலிருந்து எழுவது நான்கு ஒலிகளன்று. மந்தர ஷட்ஜத்திலிருந்து செவிக்கெட்டும் உயரம் வரை அடுக்கடுக்காக எழும்பும் ஒரு கோபுரம். பாடகரின் குரலும் மிருதங்கத்தின் வலந்தலையும் அதே அடுக்குகளில்தான் வந்து அமர்கின்றன. அந்த அடுக்குகளை இரைச்சலென்று குறைத்தால், குரலுக்குள்ளும் அதே இடங்களில் ஓட்டை விழுகிறது. நீருக்கடியிலிருந்து பாடுவது போன்ற ஒலி வருவது இதனால்தான்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். அவ்வீட்டு அம்மையார் முறையாகச் சங்கீதம் பயின்றவர், மேடை ஏறியதில்லை. 1980-களில் நவராத்திரிதோறும் வீட்டில் கொலுவுக்கு முன் பாடியதைக் கணவர் காஸெட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். அம்மையார் காலமான பின் மகன், தந்தையின் எண்பதாம் பிறந்தநாளுக்கு அளிக்க எண்ணி, ஐந்து காஸெட்டுகளையும் நகரத்தில் ஒரு கடையில் கொடுத்தார். சுத்தம் செய்து பென் டிரைவில் தந்தார்கள். 'உஸ்' என்ற ஒலி அறவே இல்லை. மூன்று காஸெட்டுகள் அதற்குள் குப்பைக்குப் போய்விட்டன. நாடா சிக்கியிருந்த இரண்டு மட்டும் வேலைக்கு உதவாதென்று திரும்பி வந்தன.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பாட்டுக் கேட்டார். பிறகு நம்மிடம், "குரல் அவளுடையதுதான் தம்பி. ஆனால் தரையில் கால் ஊன்றாமல் பாடுகிறாளே" என்றார்.

அந்நாட்களில் அம்மையாருக்குத் தம்புரா மீட்டியவர் அவரேயாம். மென்பொருள் துடைத்தெறிந்தது அவருடைய கையை.

எஞ்சிய இரண்டு காஸெட்டுகளையும் நம் சங்கத்து இளைஞர் ஒருவரும் நாமுமாகச் சிக்கெடுத்து, புதிதாக ஏற்றினோம். பொத்தானை அமுக்கிய கணத்துக்கும் தம்புரா தொடங்கும் கணத்துக்கும் இடையே ஏழெட்டு விநாடி வெறும் நாடா ஓடியிருந்தது. அவ்வேழு விநாடியை மட்டுமே இரைச்சலென்று காட்டினோம். குறைத்ததும் ஆறு டெசிபலுக்கு மேற்படவில்லை. 'உஸ்' ஓரளவு நின்றது, ஓரளவு போயிற்று. பெரியவர் வெகு நேரம் கேட்டுவிட்டு, "நாலாவது தந்தி ஒரு நூல் இறங்கியிருக்கிறது. அன்றைக்கே சொன்னாள்; நான்தான் கொலுக்கூட்டத்தில் எழுந்து போய்ச் சரிசெய்யவில்லை" என்று சொன்னார். மேற்கொண்டு கேள்வி கேட்க நமக்கு மனம் வரவில்லை.

இதே வினை இன்னொரு வேடத்தில் நம் குழந்தைகளிடமும் வருகிறது. சென்னையிலோ திருச்சியிலோ இருக்கும் ஆசிரியரிடம் கணிப்பொறி வாயிலாகப் பாட்டுப் பயிலும் பிள்ளைகள் நம்மிடையே பலர். 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் இவ்வழக்கம் பெருகிற்று. பேச்சுக்காகச் செய்த அச்செயலிகள் மின்விசிறி ஒலியை நீக்குவதற்காகத் தாமாகவே இரைச்சல் நீக்கியை ஓட்டுகின்றன. தம்புரா அவற்றுக்கு மின்விசிறிதான். ஆசிரியர் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு பாடினாலும், இங்கே சுருதி விட்டு விட்டுக் கேட்கும். நீண்ட கார்வையும் பாதியில் தேயும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்றொரு ஏற்பாடு உண்டு. பாடுகிறவர் பக்கத்தில் அதைப் போட்டுவிட்டால் இத்தொல்லை பெரிதும் நீங்கும். போடாமலே ஓராண்டு படித்துவிட்டு, பிள்ளைக்குச் சுருதி சேரவில்லை என்று வருந்தும் பெற்றோர் முதலில் இதைப் பார்க்கட்டும்.

பழைய நாடாக்களைக் கணிப்பொறியில் ஏற்ற நினைப்போர்க்குச் சில விவரங்கள். முதலில் ஏற்றுவதில் எந்த மெருகும் வேண்டா. நாடாவைப் படிக்கும் தலையை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து, மேல்ஸ்தாயி நன்கு துலங்கும் வரை அத்தலையின் சாய்வைத் திருத்தி, ஓடுகிறபடியே ஓடவிட்டு, வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாகப் பதிந்துகொள்ளவேண்டும். உயர்ந்த தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டு ஏறக்குறைய ஒரு ஜிகாபைட் பிடிக்கும். இன்றைய நாளில் அது ஒரு பொருட்டன்று. அக்கோப்பு மூலம். அதைத் தொடாமல், நகல் ஒன்றை எடுத்து அதில்தான் சோதனைகள். காஸெட்டையும் எறியலாகாது.

அடுத்தது மின்சார 'உம்'. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றானதால், இந்த உம் 50, 100, 150 என்ற எண்ணிக்கைகளில் வந்து நிற்கும். அதை நீக்கும் வடிகட்டியை மிகக் குறுகலாக வைக்கவேண்டும். ஏன்? ஒரு கட்டைச் சுருதியில் தம்புராவின் பஞ்சமத் தந்தி 98 சுற்றில் ஒலிக்கிறது. நூறைப் பிடிக்கப் போய்ப் பஞ்சமத்தைப் பிடித்துவிடக்கூடும்.

இந்த உம்மைக் கொண்டே ஒரு நன்மையும் பெறலாம். பதிவுக் கருவியில் அன்றே புகுந்துவிட்ட உம், 50-க்கு மாறாக 53-இல் ஒலித்தால், நாடா ஆறு சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள். ஆறு சதவீதம் என்பது அரைக் கட்டை. ஒரு கட்டையில் பாடிய பாட்டி ஒன்றரைக் கட்டையில் பாடுவாள். குரலும் வயது குறைந்து கேட்கும். வேகத்தைத் திருத்தினால் சுருதியும் குரலும் ஒருசேர இறங்கி இருக்கைக்கு வரும். எந்த மெருகும் தராத மாற்றத்தை இது தருவதைக் கண்டிருக்கிறோம்.

குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியே பிரித்தெடுக்கும் செயற்கை அறிவு மென்பொருள்களைப் பற்றியும் கேட்கிறார்கள். ஸ்ப்ளீட்டர், டெமுக்ஸ் முதலியவை 2019 முதல் வழங்கி வருகின்றன. 2023-இல் பீட்டில்ஸ் குழுவினர், மறைந்த ஜான் லெனனின் பழைய வீட்டுக் காஸெட்டிலிருந்து இத்தகைய முறையில் அவர் குரலை மட்டும் பிரித்தெடுத்துப் புதிய பாட்டே வெளியிட்டனர். வியப்புத்தான். ஆனால் இம்மென்பொருள்களுக்குக் கற்பித்த பாடம் பெரும்பாலும் மேனாட்டுப் பாட்டு: குரல், டிரம், பாஸ், பிற என்ற நான்கே பெட்டிகள். மிருதங்கத்தின் வலந்தலை ஒரு பெட்டிக்கும் தொப்பி இன்னொரு பெட்டிக்கும் போய்விடுகிறது. குரலை நிழல்போல் தொடரும் வயலின், எது குரல் எது நிழல் என்று தெரியாமல் அதைத் திகைக்க வைக்கிறது. பார்ஸிலோனா பல்கலைக்கழகமொன்றில் நம் சங்கீதத்துக்கென்றே கச்சேரிப் பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே இது நாளடைவில் சீர்படும் என நம்பலாம். இப்போதைக்கு விளையாடிப் பார்க்கலாம். குடும்பச் சொத்தை ஒப்படைக்க வேண்டா.

கடைசியாக, செலவில்லாத சில ஏற்பாடுகள். மென்பொருளைத் தேடுமுன் அறையின் நடுவில் நின்று கைதட்டிப் பாருங்கள். சிமெண்டுத் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள குவார்ட்டர்ஸ் அறையில் 'கிரீச்' என்று ஒரு நடுக்கம் கேட்கும். அதுவே பாட்டிலும் கலக்கிறது. தரையில் ஜமுக்காளம் விரித்து, ஒரு சுவருக்குப் புத்தக அலமாரியும் எதிர்ச்சுவருக்குக் கனத்த திரையும் இட்டால் அடங்கும். குளிர்காலத்தில் ரஜாயைக் கொடியில் தொங்கவிட்டாலும் போதும். சபின் சுமந்த மெத்தையும் இந்த ரஜாயும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பெட்டியை மூலையில் வைத்தால் தொப்பி வீங்கும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைக்கவேண்டும்.

வானொலிப் பதிவுகளும் பழைய நாடாக்களும் பெரும்பாலும் ஒற்றைத் தட ஒலி. அவற்றை 'சரவுண்ட்' செய்து அறை முழுதும் பரப்புவதால் பாடகருக்கு இருக்கை இல்லாமற்போகும். ஒரே பெட்டியை எதிரே, தரையில் அமர்ந்தவர் முகத்துக்குச் சற்று மேலாக, மேடை இருக்கும் உயரத்தில் வைத்துக் கேட்பதே மேல். இரட்டைத் தடப் பதிவாயின் ஒரு சோதனை: மேடையில் மிருதங்கம் வழக்கமாகப் பாடகரின் வலப்பக்கம் அமரும், ஆகவே எதிரே இருக்கும் நமக்கு அது இடப்பக்கமும், வயலின் வலப்பக்கமும் கேட்கவேண்டும். மாறிக் கேட்டால் பெட்டிகளின் கம்பிகளை மாற்றியிருக்கிறீர்கள். (இடக்கை வித்வானாயின் கதை வேறு.) காதில் மாட்டிக் கேட்போர்க்குக் 'கிராஸ்ஃபீட்' என்ற அமைப்பு உதவும், இடக்காதுக்கு இடமும் வலக்காதுக்கு வலமுமாகப் பிளந்து நிற்கும் ஒலியை, நேரில் கேட்பதுபோல் இரு காதுக்கும் சிறிது கலந்து தரும்.

நம் சங்கக் கூடத்தில் இருக்கும் காஸெட் யந்திரம் பழுது பார்க்கப்பட்டிருக்கிறது. அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணி முதல் நாடாக்களை ஏற்றித் தர நாங்கள் மூவர் இருப்போம். கட்டணம் இல்லை, கோப்புகளைக் கொண்டுபோக நினைவகம் ஒன்று கொண்டுவந்தால் போதும். பாடியவர் எத்தனை கட்டையில் பாடுவார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு சீட்டில் குறித்து வருவது நலம். நாடாவில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தால் வீட்டில் ஓடவிட்டுப் பார்க்காமல் அப்படியே கொண்டு வருக.